நடு எண்ணுக்கு வந்த மவுசு

முழுக்களை வெச்சு வர்ற வாக்கியக் கணக்கைச் சமன்பாடா மாத்தச் சொல்லிக்கொடுக்கிற பொழப்புல, நம்ம பிள்ளைங்க தப்பாப் போட்டா கோவம்தான் வரும், பக்கத்து வகுப்புப் பிள்ளைங்க சரியாப் போட்டாத்தான் வயிறு எரியும். கணக்கு டீச்சருங்களே, உங்களுக்கும் அப்படித்தானே?

புதூர்நாட்டுப் பள்ளிக்கூடத்துல ஒன்பது வருஷமா பத்தாம் வகுப்புக் கணக்கு என்னோடது. இந்த வருஷம் 'பி' பிரிவு மட்டும் சந்தவாசல்லேர்ந்து வந்த கவிதாவுக்குப் போச்சு. அடுத்த வருஷம் பிள்ளைங்க கம்மி, ஒரே பிரிவுதான், அது ரெண்டு பேர்ல ஒருத்தருக்குத்தான்னுட்டார் தலைமையாசிரியர். அன்னிலேர்ந்து எனக்குச் சோறு எறங்கல.

ஜீப்புல நடு சீட்டு

அடுத்தடுத்த மூணு முழுக்களோட கூட்டுத்தொகை 72. முதல் எண்ணை xன்னு வெச்சு, x+1, x+2ன்னு போடச் சொல்றதுதான் என் வழி. கவிதா என்ன பண்ணா தெரியுமா? "ஜீப்புல நடுவுல ஒக்கார்றவங்கதான் x. இந்தப் பக்கம் ஒண்ணு கம்மி, அந்தப் பக்கம் ஒண்ணு ஜாஸ்தி"ன்னுட்டா. கம்மியும் ஜாஸ்தியும் அடிபட்டு, மூணு x சமம் 72. அவ்ளோதான்!

நான் போர்டுல எழுதிட்டிருக்கறப்பவே என் வகுப்பு வெண்ணிலா "24 நடுவுல"ன்னு கத்துனா. யார்டி சொன்னதுன்னேன். "பக்கத்து கிளாஸ்ல சொன்னது இங்க வரைக்கும் கேட்டுச்சு டீச்சர், நீங்க எழுதி முடிக்கறதுக்குள்ள விடையே வந்துட்ச்சி."

நான் அடிச்ச மைனஸ்

அடுத்தடுத்த ரெண்டு முழுக்களோட பெருக்கற்பலன் 56. x-க்கு 7, -8ன்னு ரெண்டு விடை வந்துச்சு. வயசு, நீளம்னு போட்டுப் போட்டுப் பழகின கை, மைனஸைப் பாத்ததும் சரக்குன்னு அடிச்சுடுச்சு. அந்த நேரம் பாத்து சாக்பீஸ் கேக்க வந்தான் 'பி' பிரிவுப் பையன் ஒருத்தன். "-8, -7 பெருக்குனாலும் 56 தானுங்களே டீச்சர், அத்த இன்னாத்துக்கு அடிச்சீங்க?"

வயசுல மைனஸ் வராதுடான்னு சமாளிச்சேன். "இதுல யார் வயசையும் கேக்கலீங்களே டீச்சர்."

நான் வெச்ச பொறி

ரெண்டு பிரிவுக்கும் பொதுவா ஒரே கேள்வித்தாளை எடுக்கற வேலை எனக்கு வந்துச்சு. விடுவேனா? அடுத்தடுத்த நாலு முழுக்கள், கூட்டுத்தொகை 70. நாலுக்கு ஏது நடு? மாட்டுனடி கவிதான்னு அன்னிக்குத்தான் நல்லாத் தூங்கினேன்.

தாளைத் திருத்துறேன், 'பி' பிரிவுல அத்தனை பேரும் 16, 17, 18, 19ன்னு போட்டிருக்காங்க. அதுவும் x, x+1ன்னு என் வழியில! என் பிள்ளைங்கள்ல அஞ்சு பேர் கூட்டறதுல கோட்டை விட்டிருந்தாங்க. 'பி' பிரிவு லட்சுமியைக் கூப்பிட்டு, இது எப்படின்னு கேட்டேன். "நடு எண் இல்லாத கணக்குன்னா 'ஏ' கிளாஸ் டீச்சர் வழிதான் நல்ல வழின்னு எங்க டீச்சர் அப்பவே சொல்லிக்கொடுத்துட்டாங்க டீச்சர்."

அடுத்த வருஷப் பத்தாம் வகுப்பு கவிதாவுக்கே போச்சு, அது கூடப் பரவால்லீங்க, பாவி நல்லவளா வேற இருந்து தொலைச்சதால மனசாரத் திட்டக்கூட முடியல.