மூன்று விரல் இறுக்கம்

நான் படித்த தொழிற்பயிற்சிக் கூடத்தில் இரண்டு டிராக்டர் இன்ஜின்கள் இருந்தன. ஒன்றுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து, வாசலுக்கு நேராகச் சிமென்ட் மேடையில் ஏற்றி வைத்திருந்தார்கள். ஆயுத பூஜைக்கு அதற்குத்தான் மாலை. பெரிய மனிதர்கள் யாராவது வந்தால் அதைத்தான் ஓட்டிக் காட்டுவார்கள். பழுதென்றால் வெளியிலிருந்து மெக்கானிக் வருவார். நாங்கள் அதன் மேல் ஸ்பானர் வைக்கக் கூடாது. பையன்கள் அதற்கு வைத்த பெயர் மாப்பிள்ளை.

மற்றது பின்பக்கம், எண்ணெய் ஊறிய தரையில், இரும்புச் சட்டத்தில் கிடந்தது. அதன் பெயர் பொணம். நாங்கள் படித்ததெல்லாம் பொணத்தில்தான்.

வந்த முதல் வாரமே அதைக் கழற்றினோம். பிஸ்டன், வால்வு, பம்பு எல்லாவற்றையும் டீசலில் கழுவித் துடைத்து, அளவெடுத்து, மறுபடி பூட்டினோம். பூட்டி முடித்ததும் சார் வந்து பார்த்தார். நான் இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைப் பிடிக்கும் போல்ட்டை ஸ்பானர் போட்டு முறுக்கிக்கொண்டிருந்தேன்.

"நக்கோ, நக்கோ, வேணாம். எதுக்குடா அவ்வளவு பலம்? மூணு விரல்ல முறுக்கு, போதும். நாளைக்கு அடுத்த பேட்ச் அவுக்கணும்ல."

"அப்போ ஸ்டார்ட் பண்ண மாட்டோமா சார்?"

"பாக்கலாம்" என்றார். அந்தப் 'பாக்கலாம்' இரண்டு வருடம் ஓடியது. இன்ஜின் மட்டும் ஓடவில்லை.

சார் சிகந்திராபாத் மாரெட்பள்ளிக்காரர். அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். என்னிடம் தமிழ், மற்றவர்களிடம் தெலுங்கு, கோபம் வந்தால் உருது. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

எங்கள் அப்பா காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸில் கான்ட்ராக்டில் தோட்ட வேலை பார்த்தார். திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மா பாத்திரம் தேய்த்த வீட்டில் சென்னையிலிருந்து வந்த சாஃப்ட்வேர்காரர் ஒருவர் இருந்தார். ஒருநாள் என்னை நிறுத்தி, "டிராக்டரா? இந்த ஊர்ல யாரு தம்பி வயல் உழறாங்க? கம்ப்யூட்டர் பக்கம் போயிருக்கலாமே" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அந்தப் பக்கம் போகும் வழி எங்கே ஆரம்பிக்கிறது என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

அப்பாவுக்கு அந்தக் குழப்பமெல்லாம் இல்லை. சாயங்காலம் நான் வந்ததும் கேட்பார்: "இன்னாடா, இஞ்சின் ஓடுச்சா?"

"இன்னும் இல்லப்பா."

"ரெண்டு வருசமா ரிப்பேர் பண்றீங்க?" அவர் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். அதுதான் வலித்தது.

கடைசிப் பரீட்சைக்கு முன்னால், பேகம்பேட்டில் ஆபீஸ் வைத்திருந்த ஒரு டிராக்டர் ஏஜென்சியிலிருந்து ஆள் எடுக்க வருகிறார்கள் என்று செய்தி வந்தது. இரண்டு பேரை எடுப்பார்களாம். நிரந்தர வேலை. நிபந்தனை ஒன்றுதான். தான் பூட்டிய இன்ஜினைத் தானே ஸ்டார்ட் செய்து காட்ட வேண்டும். அப்பாவிடமும் சொல்லிவைத்தேன்.

சார் எங்களை மாப்பிள்ளையைச் சுற்றி நிற்க வைத்தார். "ஒவ்வொருத்தனா வந்து பட்டனை அழுத்துங்க. நாங்கதான் பூட்டினோம்னு சொல்லுங்க. அவ்வளவுதான்."

"இதை நாங்க தொட்டதே இல்லையே சார்" என்றேன்.

"அது அவங்களுக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியுமே சார்."

பையன்கள் சிரித்தார்கள். சாருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஓஹோ, அரிச்சந்திரன். அப்போ போய் உன் பொணத்தை எழுப்பிக் காட்டு. எழும்பலன்னா அசிங்கம் உனக்கு, எனக்கு இல்ல."

என்னோடு ஒருத்தன்தான் வந்தான். சிகந்திராபாத்தில் நான்கு தலைமுறையாக இருக்கும் கத்தோலிக்கக் குடும்பத்துப் பையன். "கைக்கு டா, எதுக்கு டா இந்த வம்பு? பட்டனை அழுத்திட்டுப் போய்டலாம்ல" என்று புலம்பிக்கொண்டேதான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். இருவரும் பொணத்தை முழுதாகப் பிரித்துப் பூட்டினோம். ஹெட் போல்ட்டுக்கு மூன்று விரல் போதாது என்று எங்களுக்குத் தெரியும். ஸ்பானரில் பைப்பைச் சொருகித் தொங்கினோம். ஒரு போல்ட்டும் அதற்குமேல் அசையவில்லை. "ஹவ், ஆமா, இப்போ ஆனைகூடக் கழட்ட முடியாது" என்றான்.

ஏஜென்சிக்காரர் வெள்ளைச் சட்டையில் வந்தார். முதலில் பையன்கள் வரிசையாக மாப்பிள்ளையின் பட்டனை அழுத்தினார்கள். அழுத்தினால் ஓடத்தானே செய்யும்? பிறகு அதன் பேட்டரியையே கழற்றிக்கொண்டு வந்து பொணத்துக்கு மாட்டினோம். டீசல் பைப்பில் காற்றுக் குமிழி வருவது நிற்கும்வரை பம்பை அடித்தேன். பட்டனை அழுத்தினேன்.

பொணம் ஒரு குலுங்கு குலுங்கியது. கரும்புகை. அப்புறம், டப்... டப்டப்... ஓடியது! என் நண்பன் என் முதுகில் ஓங்கி அறைந்தான். நான் திரும்பிச் சிரிப்பதற்குள் ஹெட்டின் பக்கவாட்டில் புஸ்ஸென்று ஒரு சத்தம். கரி கலந்த தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு போய் நேராக அந்த வெள்ளைச் சட்டையில் விழுந்தது. இன்ஜின் இருமி நின்றுவிட்டது.

ஹெட்டை இறுக்கியது யார் என்று அவர் இந்தியில் கேட்டார். நான் என்றேன். முழுசாகவா என்றார். முழுசாக என்றேன். கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே சிரித்தார். சார் குறுக்கே வந்து, பசங்க, சொன்னால் கேட்பதில்லை என்று தெலுங்கில் சொன்னார். இரண்டு வருடம் நாங்கள் கேட்டதெல்லாம் அவர் சொன்னதைத்தான். மாப்பிள்ளையின் பட்டனை அழுத்தியவர்களில் இரண்டு பேரை எடுத்துக்கொண்டார்கள். நான் அழுத்திய வேகத்துக்குப் பட்டன் உடைந்திருக்க வேண்டும். அவர்கள் காலிங் பெல் மாதிரி அழுத்தினார்கள், கதவு திறந்தது.

மறுநாள் நாங்களிருவரும் ஹெட்டைக் கழற்றினோம். அத்தனை பலத்தில் முறுக்கிய போல்ட்டுகள் அரைச் சுற்றில் தளர்ந்து வந்தன. எனக்கு ஆத்திரத்தைவிடக் குழப்பம். சைக்கிள் கம்பி ஒன்றை போல்ட் துவாரத்தில் விட்டுப் பார்த்தேன். போக வேண்டிய ஆழத்துக்குப் போகவில்லை, தட்டி நின்றது. கிளறினேன். கல்லாக இறுகிய கரி, காய்ந்த கிரீஸ், துடைத்த துணியின் நூல்.

ஒவ்வொரு பேட்சும் மேலே சுரண்டிய கரி அந்தத் துவாரங்களில் விழுந்திருக்கிறது. மூன்று விரலில் முறுக்கிய போல்ட் எதுவும் அடிவரை இறங்கியதே இல்லை. அதனால் அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. நாங்கள் பைப் போட்டுத் தொங்கிய பலமெல்லாம் அந்தக் கரியின் மேல் போய் நின்றுவிட்டது. ஹெட்டின் மேல் ஒன்றும் இறங்கவில்லை.

எல்லாவற்றையும் தோண்டி, செய்தித்தாளில் குவித்து, சாரின் மேசையில் வைத்தேன்.

"என்னடா இது?"

"ஹெட் போல்ட் துவாரத்துல இருந்தது சார்."

"சரி, குப்பையில போடு."

"இது எத்தனை பேட்சோட குப்பை சார்? ஒரே ஒரு பேட்ச் ஸ்டார்ட் பண்ணியிருந்தா தெரிஞ்சிருக்கும்ல?"

"கத்தாதடா." கதவைப் பார்த்துக்கொண்டார். "ஓட்டினா தேயும். தேஞ்சா புது பார்ட் கேக்கணும். கேட்டா, ஏன் ஓட்டினேன்னு மேல இருந்து கேப்பாங்க. நான் வந்தப்போ ஓடிட்டு இருந்த இன்ஜின்தான் அது. எனக்கு மட்டும் ஆசையில்லையா? போ, மூடி வை. மூணு விரல்."

அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்தப் பாவம் என் கோபத்தை ஒரு துளிகூடக் குறைக்கவில்லை. எங்களுக்கு முன்னால் அங்கே படித்தவர்கள் எத்தனை பேர், இறுக்கவே இறுக்காத கைகளோடு வேலை தேடிப் போயிருப்பார்கள்!

என் நண்பன் ராணிகஞ்ச் கடைத்தெருவுக்குப் போய், ஹெட்டுக்கு அடியில் வைக்கும் புது கேஸ்கெட் வாங்கி வந்தான். சுத்தமான துவாரத்தில் போல்ட்டுகள் வழுக்கிக்கொண்டு இறங்கின. நடுவிலிருந்து ஓரத்துக்கு, மாற்றி மாற்றி, புத்தகத்தில் சொன்னபடி இறுக்கினோம். இரும்பு இரும்பைப் பிடிப்பது கைக்குத் தெரிந்தது. அதை அதுவரை நான் அறிந்ததில்லை.

பொணம் ஒரே அழுத்தில் ஓடியது. தகரக் கூரை அதிர்ந்தது. சார் ஓடிவந்து, "நிறுத்துடா, டீசல்!" என்று கத்தினார். நான் நிறுத்தவில்லை. அவரும் கிட்டே வந்து நிறுத்தவில்லை. தொட்டியில் இருந்த டீசல் தீரும்வரை மூன்று பேரும் நின்றோம்.

முந்தின இரவு அப்பா தூங்கிய பிறகுதான் வீட்டுக்குப் போயிருந்தேன். அன்று போனதும் கேட்டார். "இன்னாடா, இஞ்சின் ஓடுச்சா?"

"ஓடுச்சுப்பா."

அவர் எழுந்தே நின்றுவிட்டார். "அப்போ எப்ப வேலைக்கு வரச் சொன்னாங்க?"

"அவங்க நேத்தே வந்துட்டுப் போய்ட்டாங்கப்பா."

"அப்ப இன்னைக்கு ஓடுனத யாரு பாத்தா?"

"நான் பாத்தேன்" என்று கத்தினேன். அவர்மேல் கத்த வேண்டியது இல்லை. கத்த வேண்டிய ஆட்கள் யாரும் அங்கே இல்லை.