இரத்தசாட்சி ஆகாதவர்

என் வீட்டுக்காரர் ஞானஸ்நானம் எடுத்ததற்கு நான்தான் காரணம். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்ட காலமும் உண்டு. யாரிடமும் சொல்லாமல் மறைத்த காலம் அதைவிட நீளம்.

நான் புத்தூரில் விடுதியில் தங்கி ஐந்தாவது வரை படித்தவள். மாமன் மகனுக்கு வாழ்க்கைப்பட்டு, வடமாலபேட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூரின் சேரிக்கு வந்தேன். அங்கே எழுத்து தெரிந்தவள் நான் ஒருத்திதான். பள்ளிக்கூடத்தில் கொடுத்த வேதப்புத்தகம் என் துணிமூட்டையில் இருந்தது. அதை வேதம் என்று நினைத்து நான் எடுத்துவரவில்லை. என்னிடம் இருந்த ஒரே புத்தகம் என்பதால் எடுத்துவந்தேன்.

சாயங்காலம் கழனியிலிருந்து வந்து கூழ் குடித்ததும் அவர் கேட்பார்.

"அந்தப் பொஸ்தகத்த எடு. நேத்து உட்ட எடத்துலருந்து படி."

நான் படிப்பேன். பக்கத்து வீடுகளிலிருந்தும் வந்து உட்கார்ந்தார்கள். ஒரு வருஷம் போல இப்படிப் போனது. அப்புறம் டவுனிலிருந்து ஒரு போதகர் சைக்கிளில் வர ஆரம்பித்தார். ஏரியில் இடுப்பளவு தண்ணீர் இருந்த மாதத்தில் ஏழு குடும்பம் ஞானஸ்நானம் எடுத்தோம். முதலில் இறங்கியவர் என் வீட்டுக்காரர்.

ஆதி விசுவாசிகள் பட்ட பாட்டைச் சொல்வதில் போதகருக்குத் தனி விருப்பம். ராஜாவின் சிலைக்கு முன்னால் ஒரு சிட்டிகை சாம்பிராணி போட்டால் போதும், விட்டுவிடுவார்களாம். போடமாட்டேன் என்று சொல்லிச் சிங்கத்துக்கு முன்னால் போய் நின்றார்களாம். அவர்கள் முகம் பிரகாசித்ததாம். எல்லோரும் வாய் பிளந்து கேட்டோம். என் வீட்டுக்காரர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

"அவங்களுக்குப் பொண்டாட்டி புள்ளைங்க இருந்துச்சா சாமி?"

"இருந்திருக்கும்."

"அதுங்க இன்னா ஆச்சு?"

"கர்த்தர் பார்த்துக்கொண்டிருப்பார்" என்றார் போதகர்.

அப்போது எங்கள் மகனுக்கு எட்டு மாதம்.

என் வீட்டுக்காரர் பறை அடிப்பவர். கங்கம்மா திருவிழாவில் அம்மன் புறப்படும்போது முன்னால் அடித்துக்கொண்டு போவது அவர்கள் குடும்பம். ஞானஸ்நானம் எடுத்த பிறகு பறையை இறக்கிப் பரண்மேல் போட்டுவிட்டார். வைகாசி பிறந்ததும் ஊர்ப்பெரியவர் தாமே சேரி முனைக்கு வந்து நின்று கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. அந்த வருஷம் மழை இல்லாமல் வேர்க்கடலை கருகிப்போயிருந்தது, ஊரில் ரெண்டு வீட்டில் அம்மை போட்டிருந்தது. அவருக்கும் பயம்.

"டேய், உன்ன சாமி கும்புடச் சொல்லல. நீ எந்தச் சாமிய வேணா கும்புட்டுக்க. அம்மா வரும்போது மோளம் அடிச்சிட்டுப் போ. உங்க நைனா அடிச்சான். அவ்ளோதான கேக்கறன்?"

"வேணாம் ஆண்ட. உட்ருங்க."

"ஒரு நாளுடா."

"வேணாம் ஆண்ட."

வீட்டுக்குள் வந்ததும் நான்தான் மெதுவாகச் சொன்னேன். "ஒரு தபா அடிச்சிட்டு வந்துடேன். போதகருக்கு இன்னா தெரியப்போது?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீதான படிச்சிக் காட்ன?"



மறுநாளிலிருந்து ஏழு குடும்பத்துக்கும் கழனி வேலை இல்லை என்றார்கள். நாங்கள் தண்ணீர் எடுக்கும் கழனிக் கிணற்றுக்கு முள் வெட்டிப் போட்டார்கள். ஏரியில் குழி தோண்டி, ஊறிய கலங்கலைத் துணியில் வடிகட்டிக் குடித்தோம்.

திருவிழாவுக்கு வெளியூரிலிருந்து பறையடிக்க ஆட்களைக் கொண்டுவந்தார்கள். நாங்கள் ஏழு குடும்பமும் சேரி முனையில் போட்டிருந்த ஜெபக் கொட்டகைக்குள் இருந்தோம். மேளச் சத்தம் நெருங்கி வந்தது. அவர் எழுந்து வாசலுக்குப் போனார். நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். வந்தவர்களுக்கு அம்மன் புறப்பாட்டு அடி சரியாகத் தெரியவில்லை. ஒருவன் ஒரு மாதிரியும் இன்னொருவன் வேறு மாதிரியும் அடித்துக்கொண்டு வந்தார்கள். அதைக் கேட்டு இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தொழில் தெரிந்தவனுக்கு வரும் சிரிப்பு, அவ்வளவுதான்.

"பாரு, சிரிக்கிறான்!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். கல் வந்தது.

இடது காதுக்கு மேலே பட்டது. "அம்மா" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. எறிந்தவனை எனக்குத் தெரியும். கிழக்குக் கழனிக்காரர் மகன். என் வயதுதான் இருக்கும். எறிந்துவிட்டு அவனே பயந்துபோய் நின்றான்.

வண்டி கேட்டோம், யாரும் தரவில்லை. அவர் தம்பியும் இன்னும் மூன்று பேரும் கயிற்றுக் கட்டிலில் போட்டு ரோடு வரைக்கும் தூக்கிவந்தார்கள். பஸ்ஸில் திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஒரு மாதத்துக்குப் பிறகு உயிரோடு திரும்பினார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறியது.

போலீஸ் ஸ்டேஷனுக்கு நானும் கொழுந்தனும் போனோம். எந்த ஊர் எந்த ராஜ்யத்துக்குப் போகும், மெட்ராஸுக்கா ஆந்திராவுக்கா என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த சமயம். அங்கே எழுதிக்கொண்டிருந்தவர் நான் தமிழில் சொன்னதையெல்லாம் கேட்டார். "பார்டர் தீரட்டும்மா, அப்புறம் பார்க்கலாம். உங்க ஊரே எங்களுக்கு இருக்குமோ இருக்காதோ" என்றார். ஆனாலும் தெலுங்கில் முழுப்பக்கம் எழுதி, பேனாவை நீட்டினார்.

"சந்தகம் பெட்டு."

கையெழுத்துப் போட்டேன். சேரியில் படித்தவள் நான் ஒருத்தி என்றேனே, என்னால் அதில் ஒரு எழுத்துகூடப் படிக்க முடியவில்லை. கொழுந்தன் அலைந்து ஒரு நகல் வாங்கிவந்தான். தெலுங்கு தெரிந்த வாத்தியார் ஒருவர் அதைப் படித்துச் சொன்னார். மேளம் பார்க்கப் போனவர் கால் வழுக்கிப் பாறையில் விழுந்தார் என்றும், யார்மேலும் புகார் இல்லை என்றும் எழுதியிருந்தது. கீழே என் கையெழுத்து, அழகாக, விடுதியில் பழக்கிய கையெழுத்து.

போதகர் வந்தார். அவருடைய கண்களில் நிஜமாகவே தண்ணீர். சபைப் பத்திரிகைக்கு எழுதப்போவதாகச் சொல்லி நோட்டைத் திறந்தார்.

"கல் பட்டபோது என்னம்மா சொன்னார்?"

"அம்மான்னாரு."

"அப்புறம்? எறிந்தவர்களுக்காக ஜெபம் ஏதாவது?"

"அம்மான்னு மட்டும்தான் சாமி."

அவர் எழுதாமல் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் குழறினார். "அவன் கை அழுவிப் போவணும். எழுதிக்கச் சொல்லு." போதகருக்குப் புரியவில்லை. என்ன சொல்கிறார் என்று கேட்டார். தண்ணி கேக்கறாரு என்றேன்.

பத்திரிகை வந்தது. கல் பட்டு விழுந்த சகோதரன், எறிந்த கைகளை ஆசீர்வதித்ததாக அச்சில் இருந்தது. அவருக்குப் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தினமும் காலையில் எழுந்ததும் அவர் எறிந்தவனைச் சபிப்பார். எனக்குப் பயமாக இருக்கும். வேதத்தில் விசுவாசத்துக்காக முதன்முதலில் கல்லடிபட்டுச் செத்தவர் எறிந்தவர்களை மன்னிக்கும்படி வேண்டிக்கொண்டாரே, அந்த இடத்தை எடுத்துப் படிப்பேன். ஒருநாள் கையை நீட்டிப் புத்தகத்தை மூடினார்.

"அந்தாளு செத்துட்டான்" என்றார். ஒவ்வொரு சொல்லாக, எச்சில் வழிய. "நான் ஒக்காந்துகினு கீறேன்."

அடுத்த திருவிழாவுக்குள் மற்ற ஆறு குடும்பமும் கங்கம்மாவிடமே திரும்பிப் போய்விட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல மாட்டேன், பிள்ளைகள் தின்ன வேண்டுமே. கொழுந்தன் வந்து பரணைப் பார்த்தபடி நின்றான். நானே பறையை இறக்கிக் கொடுத்தேன். அன்றைக்கு மேளச் சத்தம் வந்தபோது இவர் பாயில் கிடந்தார். தம்பி நன்றாக அடித்தான். இவருடைய இடதுகை விரல்கள் பாயின்மேல் அதே அடியைத் தட்டிக்கொண்டிருந்தன. நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

எனக்கு வேலை கொடுத்தது ஒரே ஒரு வீடு. கிழக்குக் கழனி. எறிந்தவனே ஆள் அனுப்பிக் கூப்பிட்டான். போகாமல் இருக்க என்ன வழி என்று ரெண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் போனேன். களை எடுத்தேன், வேர்க்கடலை பிடுங்கினேன். கூலி ராகியை அவனே அளந்து என் முந்தானையில் போடுவான், முகத்தைப் பார்க்க மாட்டான். நானும் பார்க்க மாட்டேன். அந்த ராகியைத்தான் அரைத்துக் களி கிண்டினேன்.

"யார் வூட்டு ராகி?" என்று ஒருநாள் கேட்டார்.

"பெரியவர் வூட்டுது."

உருண்டையைப் பிட்டு வாயில் வைத்துக்கொண்டார். நம்பினாரா என்று தெரியாது. மறுபடி கேட்கவில்லை.

பார்டர் ஒருவழியாகத் தீர்ந்தது. திருத்தணிப் பக்கம் மெட்ராஸுக்குப் போனது. நாங்கள் ஆந்திராவிலேயே நின்றோம். கொழுந்தன் வந்து சொன்னபோது இவர் கேட்டார்.

"நம்ம கேசு எந்தப் பக்கம் போச்சு?"

கொழுந்தன் என்னைப் பார்த்தான். எங்களுக்குக் கேஸே இல்லை என்று அதுவரை நாங்கள் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அன்றும் சொல்லவில்லை.

அதற்கு மறுவருஷம் காய்ச்சலில் படுத்தார். ஒரு வாரம் விடவே இல்லை. மன்னிக்காமல் போனால் என்ன ஆவாரோ என்று எனக்கு நடுக்கம். பக்கத்தில் உட்கார்ந்து கெஞ்சினேன்.

"மன்னிச்சுட்டேன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லு. எனக்கோசரம் சொல்லு."

கண்ணைத் திறந்தார். "நீ சொல்லு" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. தன்னால் தூக்க முடியாததை இன்னொருவரைத் தூக்கச் சொல்வதுபோலச் சொன்னார். நான் வாயைத் திறந்தேன். அத்தனை வருஷமாக அவன் கழனியில் குனிந்து நிமிர்ந்தவள், அவன் அளந்ததைத் தின்றவள், அவருக்கே அத்தனை தடவை அந்த இடத்தைப் படித்துக் காட்டியவள். எனக்கு அந்த வார்த்தை வரவில்லை. அவர் கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கண்ணை மூடினார். விடிந்தபோது உயிர் இல்லை.

வேதக்காரனுக்குச் சேரிச் சுடுகாட்டில் இடம் தரமாட்டோம் என்றார்கள். ஏரிக்கரைச் சரிவில் கொழுந்தன் குழி வெட்டினான். டவுனுக்கு ஆள் அனுப்பியும் போதகர் வந்துசேரவில்லை, வழியில் ஆற்றில் வெள்ளம் வந்திருந்தது. நானே புத்தகத்தை எடுத்து நின்று படித்தேன். கேட்க என் மகனும் கொழுந்தனும்தான் இருந்தார்கள். பாதியில் கொழுந்தன், "போதும் அண்ணி, மழ வருது" என்று மண்ணைத் தள்ள ஆரம்பித்தான்.