வலப் பக்கம் திரும்பாத சித்தப்பா

வளைகுடாவில், பட்டறைகள் நிறைந்த முசஃபாவுக்குப் போகும் வழியில் இப்போது டயர் கடை இருக்கிற இடத்தில், நான் சிறுமியாக இருந்தபோது ஓர் ஆட்டக் கூடம் இருந்தது. பழைய ஹோட்டல் ஒன்றின் பின்கட்டு அது. அமெரிக்காவின் பட்டிக்காட்டுப் பாட்டுகளை, அமெரிக்காவைப் பார்த்தே இராத பிலிப்பினோக்காரர்கள் அகலத் தொப்பி போட்டுக்கொண்டு பாடுவார்கள். சுவரில் குதிரைச் சேணம் தொங்கும். உட்காருவதற்கு வைக்கோல் கட்டுகள். “மாட்டையும் கொண்டாந்து கட்டிட்டாத் தொழுவம் ஆயிரும்” என்று அம்மா முதல் நாளே சொல்லிவிட்டாள். ஆனாலும் லீவு நாளான வெள்ளிக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்ததும் அங்கே போக முதலில் வண்டியில் ஏறி உட்காருகிறவளும் அவள்தான்.

வெள்ளிக்கிழமைப் பகல், குடும்பங்களுக்கான நேரம். குடி கிடையாது, எலுமிச்சை ஜூஸும் உருளைக்கிழங்கு வறுவலும்தான். ஆட்டமும் அம்மாவின் சம்மதம் பெற்ற வகை. எல்லோரும் வரிசை வரிசையாக நின்று ஒரே சுவரைப் பார்த்து ஆட வேண்டும். ஒரு சுற்று முடிந்ததும் வலப் பக்கம் திரும்பி அடுத்த சுவரைப் பார்க்க வேண்டும். யாரும் யாரையும் தொடுவதில்லை. பார்க்கப்போனால் கும்மியைவிட மரியாதையான ஆட்டம் என்பது அம்மாவின் தீர்ப்பு.

எங்கள் வரிசையில் மூன்று பேர். நடுவில் நான். என் இடப் பக்கம் சித்தி, அம்மாவின் தங்கை, ஆஸ்பத்திரியில் நர்ஸ். வலப் பக்கம் சித்தப்பா, அப்பாவின் தம்பி, முசஃபாவில் மெக்கானிக். இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசி நான் கேட்டதில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்பதென்றால்கூட என்னைத்தான் தூது விடுவார்கள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் உடம்பு வளையாது. அவர்கள் வைக்கோல் கட்டில் உட்கார்ந்து வறுவல் தின்பார்கள். ஆக, வாராவாரம் இத்தனை பேரும் கிளம்பி வருவது என் ஆட்டத் திறமைக்காகத்தான் என்று நான் உறுதியாக நம்பினேன். எட்டு வயதில் எனக்கிருந்த தலைக்கனம் கொஞ்சமல்ல.

ஒருமுறை போட்டி அறிவித்தார்கள். நன்றாக ஆடுகிற குடும்ப வரிசைக்குப் பரிசு, குழந்தைகள் போடுகிற சிவப்புத் தோல் பூட்ஸ். அதை மேடை ஓரத்தில் வைத்திருந்தார்கள். பார்த்த நாள் முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. குறுக்கே நின்றது சித்தப்பா ஒருவர்தான். எல்லோரும் வலப் பக்கம் திரும்பும்போது அவர் மட்டும் இடப் பக்கம் திரும்புவார். திரும்பி, என் தலைக்கு மேலாகச் சித்தியை நேருக்கு நேர் பார்த்தபடி அசடு வழிய நிற்பார். சித்தி உதட்டைக் கடித்துக்கொண்டு, தன் அடியைத் தப்பாமல் வைப்பாள்.

“சித்தப்பா, ரைட்டு! ரைட்டு!” என்று கத்துவேன்.

“மறந்துட்டேன் பாப்பா” என்பார்.

வீட்டில் சோபாவைத் தள்ளிவிட்டு அவருக்கு வகுப்பு எடுத்தேன். அங்கே கண்ணை மூடிக்கொண்டுகூடச் சரியாகத் திரும்பினார். வெள்ளிக்கிழமை வந்தால் பழைய குருடி கதவைத் திறடி.

அதே சமயத்தில் வீட்டில் வேறொரு பேச்சும் ஓடிக்கொண்டிருந்தது. சித்தி லீவில் தூத்துக்குடிக்குப் போக இருந்தாள். பாங்கில் வேலை பார்க்கிற மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார்கள். அவள் சரி என்றால் அந்த லீவிலேயே நிச்சயதார்த்தம். அம்மா தினமும் கேட்டாள். சித்தி “பார்க்கலாம்” என்பதோடு நிறுத்திக்கொண்டாள். இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் சித்தப்பா எழுந்து, வண்டிக்குத் தண்ணீர் ஊற்றக் கீழே போய்விடுவார். அந்த வண்டி அவ்வளவு தண்ணீர் குடிக்கிற வண்டி அல்ல. எனக்கோ, சித்தி விமானம் ஏறுவதற்குள் போட்டி நடந்துவிட வேண்டுமே என்பதுதான் கவலை.

நல்லவேளையாக அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமையே நடந்தது. நான் ஒரு யோசனையோடு போயிருந்தேன். ஒரே பக்கம் நின்று பழகியதால்தான் சித்தப்பாவுக்குத் திசை குழம்புகிறது. ஆளை இடம் மாற்றினால் சரியாகிவிடும். பாட்டு தொடங்குவதற்குச் சற்று முன்பு, அவரை என் இடப் பக்கமும் சித்தியை வலப் பக்கமும் நிறுத்தினேன். சித்தப்பாவின் முகம் விழுந்துவிட்டது. சித்தி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சொன்ன இடத்தில் போய் நின்றாள்.

பாட்டு தொடங்கியது. முதல் சுற்று அப்பழுக்கில்லாமல் முடிந்தது. திரும்பும் இடம் வந்தது. ஓரக்கண்ணால் பார்த்தேன்; சித்தப்பா வலப் பக்கம்தான் திரும்பினார். பூட்ஸ் என் காலுக்கு வந்துவிட்டது என்று சந்தோஷத்தோடு நானும் திரும்பினேன். சித்தியின் பின்னல் தெரிய வேண்டிய இடத்தில் சித்தியின் முகம் தெரிந்தது.

ஒரு நாளும் அடி பிசகாத சித்தி, இடப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். உதட்டைக் கடிக்கவில்லை, நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். பார்வை என் தலைக்கு மேலே போயிருந்தது. “சித்தி, ரைட்டு!” என்று அலறினேன். காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. பின்னால் பார்த்தால் சித்தப்பா ஆட்டத்தையே மறந்து, நட்டுவைத்த கம்பம்போல் நிற்கிறார். பின்வரிசைக்காரர்கள் வந்து அவர்மேல் மோதினார்கள். மேடையில் பாடிக்கொண்டிருந்தவர் அடக்க முடியாமல் மைக்கிலேயே சிரித்தார்.

பூட்ஸ் ஒரு மலையாளிப் பையனுக்குப் போனது. அவன் காலுக்கு அது நுழையக்கூட இல்லை. நான் வைக்கோல் கட்டில் குப்புறப் படுத்து அழுதேன். அதிலும் பெரிய அவமானம், சித்தி என்னைத் தாண்டிப் போய், “உங்களுக்குத் தண்ணி வேணுமா?” என்று சித்தப்பாவிடம் நேராகக் கேட்டதுதான். தூதுக்கு என்னைக் கூப்பிடவே இல்லை.

திரும்பும்போது வண்டியில் எனக்கு இரண்டு பக்கமும் அவர்கள் இருந்தார்கள். இருவரையும் நான் பார்க்கவில்லை. முன்சீட்டில் இருந்த அம்மா ஒருமுறை திரும்பி எங்கள் மூன்று பேரையும் பார்த்தாள். பிறகு அப்பாவிடம், “பாங்குக்கார வீட்டுக்கு இன்னைக்கே போன் போட்டுச் சொல்லிருங்க, பாவம், காத்துக்கிட்டு இருப்பாவ” என்றாள். கோபமாகச் சொல்வதுபோல்தான் இருந்தது. ஆனால் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

எனக்கு உடனே ஒரு நல்ல வழி தோன்றியது. எழுந்து முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்:

“அம்மா, அந்த பாங்கு மாமாவுக்கு லெஃப்ட்டு ரைட்டு தெரியுமா? தெரிஞ்சா சித்தப்பாவ நிப்பாட்டிட்டு, அடுத்த போட்டிக்கு அவர வரச் சொல்லலாமா?”

அப்பா வண்டியை ஓரம் கட்ட வேண்டியதாயிற்று. எல்லோரும் அப்படிச் சிரித்தார்கள். சித்தப்பா கதவில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தார். நான் மட்டும் முன்சீட்டை விடாமல் பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றேன்.