அவிநாசி பஸ்ஸில் விழுந்தது பல்லியா?

பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக பிரவுசிங் சென்டருக்கு வந்து, மின்னஞ்சல் குழு நண்பர்களுக்கு இதை எழுதுகிறேன்.

மகனுக்குப் பெண் பார்க்க, அவனையும் கூட்டிக்கொண்டு அவிநாசி பஸ்ஸில் ஓர் அம்மா. மேலே இருந்த மூட்டையிலிருந்து அவர் தோளில் ஏதோ விழுந்து, ஒரு கணம் உட்கார்ந்துவிட்டு ஓடியது.

“பல்லிங்க! தோள்ல உழுந்தா வெற்றிங்க!” என்று பூரித்தார்.

விலங்கியல் வாத்தியாரான எனக்கு வாய் சும்மா இருக்குமா?

“அது அரணைங்க. செதில் பளபளன்னு இருந்துச்சு, கண்ணை வேற சிமிட்டுச்சு. பல்லிக்கு இமையே கெடையாதுங்க.”

அவர் முகம் வாடிவிட்டது. “ஏனுங்க, காலண்டர்ல அரணைக்குப் பலன் போடலீங்களே?”

“அப்ப பல்லியேதானுங்க” என்றேன்.

இறங்கும்போது மாப்பிள்ளை என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அவர் நிச்சயமாகப் பல்லிக் குடும்பத்தைச் சேர்ந்தவர் இல்லை.