பேசாத இருவரின் மொடங்கள்

“பிள்ளை, நீ படிச்சனீதான். ஆனா மொடம் ஆள் படிச்சதோ எண்டு பாத்து வேலை செய்யாது.”

நான் வேலை செய்த அச்சகத்தின் முதலாளி இதைச் சொன்னது 2010 செப்டெம்பரில். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பிரெஞ்சுத் தலைநகரில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் கலியாண அட்டை, பெண்பிள்ளைகள் பெரியவளானதும் வைக்கும் சாமத்திய வீட்டு அழைப்பிதழ், கல்வெட்டு எல்லாம் அடித்துக் கொடுக்கும் சிறிய அச்சகம் அது. கல்வெட்டு என்றதும் கல்லைத் தேட வேண்டாம். எங்கள் ஆட்களில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் வந்தவர்களுக்குக் கொடுக்கும் புத்தகம். அவருடைய படம், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, தேவாரங்கள், பேரப்பிள்ளைகளின் பெயரில் யாரோ எழுதிய புலம்பல். உயிரோடு இருந்த காலத்தில் அவரைப் பற்றி இதில் பாதியை யாராவது சொல்லியிருந்தால் இன்னும் இரண்டு வருடம் இருந்திருப்பார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை பார்த்த முதல் ஆள் நான். அப்பா உணவகத்தில் கோப்பை கழுவுகிறார். விசா கொடுக்கும் பிரெபெக்சர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தால் உறையைப் பிரிக்காமலே என்னிடம் நீட்டுவார். நான் பள்ளியிறுதி பாக் பரீட்சையில் நல்ல புள்ளியோடு தேறி, கணினி வலையமைப்புப் படிக்க இடமும் வாங்கியிருந்தேன். அந்தப் படிப்பில் வாரத்துக்கு இரண்டு நாள் வகுப்பு, மூன்று நாள் வேலை. வேலை தருகிறவர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்த வேண்டும். ஒக்டோபர் முடிவதற்குள் அது போய்ச் சேராவிட்டால் என் இடம் வேறு ஆளுக்கு.

முதலாளியிடம் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. எங்கள் தெருவில் யாரும் எதையும் மறுப்பதில்லை, பார்ப்போம் என்பார்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு, கடையில் கணினியைத் தொலைபேசிக் கம்பியோடு இணைக்கும் மொடம் ஒன்றரை மாதமாக வேலை செய்யவில்லை, அதைச் சரிக்கட்டினால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறேன் என்றார். கூடவே மேலே உள்ள வாக்கியத்தையும் சொன்னார்.

2010இல் மொடம் எதற்கு என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். முதலாளியும் அவருடைய பழைய பங்காளி ஒருவரும் தொண்ணூறுகளில் சேர்ந்து தொழில் தொடங்கியவர்கள். கல்வெட்டுக்கு வேண்டிய பக்க ஓரச் சட்டங்கள், சாமிப் படங்கள், தேவாரப் பக்கங்கள், பழைய எழுத்துருக்கள் எல்லாவற்றையும் பங்காளி தன் வீட்டுக் கணினி ஒன்றில் சேர்த்து, அதைத் தொலைபேசிக் கம்பியில் கொழுவி வைத்திருந்தார். இங்கிருந்து மொடம் அந்த இலக்கத்துக்கு அழைக்கும். இரண்டு பெட்டிகளும் கீச்சிட்டுக் கும்பிடு போட்டுக்கொள்ளும். திரையில் ஒரு பட்டியல் வரும். வேண்டிய கோப்பை இறக்கிக்கொள்ளலாம். புலட்டின் போர்ட் என்று பெயர். உலகம் முழுவதும் இதைத் தூக்கிப் போட்டுவிட்டு இணையத்துக்குப் போய்ப் பல காலம்.

பங்காளியின் வீடு கார் து நோர் நிலையத்திலிருந்து ரயிலில் கால் மணி நேரம். கணினியில் செருகும் நினைவகக் குச்சி ஒன்றைக் கொண்டுபோய் எல்லாவற்றையும் அள்ளி வந்திருக்கலாம். ஆனால் இரண்டு பேரும் பேசுவதில்லை. ஒரு கலியாண வீட்டில் ஒருவரை முன்வரிசையிலும் மற்றவரைத் தூணுக்குப் பின்னாலும் இருத்தியதில் வந்த கோபம். மின்னஞ்சலும் ஆகாது. மின்னஞ்சல் என்றால் ஒருவர் மற்றவருக்கு எழுத வேண்டும், மேலே பெயர் போட வேண்டும், அது பேசியதாகிவிடும். பட்டியலில் கிடக்கும் கோப்பை எடுத்தால் யாரும் யாரிடமும் எதையும் கேட்கவில்லை, யாரும் யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை. பதினொரு வருடமாக மானம் போகாமல் தொழில் நடந்துகொண்டிருந்தது.

இப்போது மொடம் அழைத்தது, கும்பிடு போட்டது, பட்டியலும் வந்தது. கோப்பு மட்டும் பாதி வழியில் செத்தது. தேவாரம் மட்டும் உள்ள சின்னக் கோப்பு ஒருநாள் வரும், மறுநாள் வராது. படம் உள்ள பெரிய கோப்பு ஒருபோதும் வராது. எல்லாம் பங்காளியின் வேலை, வேண்டுமென்று வெட்டுகிறான் என்று முதலாளி முடிவு கட்டியிருந்தார்.

எனக்கு முன்பே நிபுணர் ஒருவர் அழைக்கப்பட்டிருந்தார். ரூ லூயி-பிளாங்கில் போன் கடை வைத்திருந்த அண்ணை. கதவுத் திறப்புக் கோர்வையை விரலில் சுழற்றிக்கொண்டு வந்து மொடத்தைத் தொட்டுப் பார்த்து, சூடாகிவிட்டது என்றார். மொடத்துக்கு ஒரு மின்விசிறி வைத்தார்கள். அடுத்த முறை வந்து கம்பி பழுது என்றார். புதுக் கம்பி அவர் கடையிலேயே இருந்தது. மூன்றாம் முறை வந்து தேநீர் மட்டும் குடித்தார். அதை ஊற்றிக் கொடுத்தது நான்.

மொடத்தோடு வந்த கைநூல் குப்பைப் பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது. பிரெஞ்சு என்பதால் யாரும் தொட்டதில்லை. அதை எடுத்து மதியச் சாப்பாட்டு நேரங்களில் படித்தேன். கொப்பி ஒன்றில் ஒவ்வொரு அழைப்பையும் குறித்தேன்: நேரம், இணைந்த வேகம், நூற்றுக்கு எத்தனை வீதத்தில் நின்றது. கணினிக்கும் மொடத்துக்கும் இடையில் ‘பொறு, போ’ என்று சொல்லிக்கொள்ளும் முறையை மாற்றிப் பார்த்தேன். அது பிழையாக இருந்தது உண்மைதான், ஆனால் திருத்திய பிறகும் கோப்பு செத்தது. அறுந்த இடத்திலிருந்து திரும்பத் தொடங்கும் இறக்குமுறைக்கு மாறினேன். அறுந்த இடத்திலிருந்து தொடங்கி, இன்னும் கொஞ்சம் போய், மீண்டும் அறுந்தது. வேகத்தை நாலில் ஒன்றாகக் குறைத்தபோது பிழைகள் குறைந்தன. ஆனால் பெரிய கோப்பு முழுதாக வருவதற்குள் இறந்தவரின் ஆண்டுத் திவசமே வந்துவிடும்.

ஒக்டோபர் மூன்றாம் வாரம். ஒரு பெரியவரின் கல்வெட்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் அடிக்க வேண்டும். அவருடைய வீட்டார் கேட்ட ஓரச் சட்டம் பங்காளியின் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. அதற்கிடையில் முதலாளி ஒரு தாளை நீட்டி, பயண முகவர் நிலையத்துக்குக் கொண்டுபோய்ப் பக்ஸ் பண்ணிவிட்டு வா என்றார். தொலைபேசிக் கம்பியில் தாளை அனுப்பும் பக்ஸ் இயந்திரம் இங்கேயே இருக்கிறதே என்றேன்.

“உதுவும் அரைப் பக்கத்திலை நிக்குது, பிள்ளை. கொஞ்ச நாளா அங்கைதானே அனுப்புறனாங்கள்.”

எவ்வளவு நாளாக என்று கேட்டேன். அவருக்கு நினைவில்லை. பக்ஸ் இயந்திரத்துக்கு நினைவிருந்தது. அதன் பட்டியலை அச்சடித்து என் கொப்பியோடு வைத்துப் பார்த்தேன். ஓகஸ்ட் முதல் வாரம்வரை எல்லாம் போயிருந்தது, அதற்குப் பிறகு எல்லாம் அரைகுறை. ஓகஸ்ட் முதல் வாரத்தில்தான் முதலாளி மத்தியானங்களில் கனடாவிலுள்ள அக்காவோடு ஒரு மணி நேரம் பேசத் தொடங்கியிருந்தார். போன் கடை அண்ணை அவருக்கு இணையப் பெட்டி ஒன்றைப் பொருத்தி, கனடாவுக்கு இலவசம் என்று சொல்லி, பழைய தொலைபேசிக் கம்பியை வெட்டுவித்திருந்தார். மொடமும் பக்ஸும் இப்போது அந்தப் பெட்டியின் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தன.

அந்தப் பெட்டி குரலைத் துண்டு துண்டாக நறுக்கி அனுப்பி மறுமுனையில் ஒட்டுகிறது. கனடா அக்காவின் பேச்சில் நாலு துண்டு தொலைந்தாலும் கேட்கிறவருக்கு நட்டமில்லை. மொடம் அப்படி இல்லை. அது சொல்வதை முழுதாகக் கேட்கும் பழக்கம் உள்ளது. அந்தக் கடையில் அப்படியொரு பழக்கம் அதற்கு மட்டும்தான் இருந்தது.

விளக்கினேன். முதலாளி பொறுமையாகக் கேட்டுவிட்டு, போன் கடைக்காரனுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும் என்றார்.

வெள்ளிக்கிழமை கணினியையும் மொடத்தையும் சந்தைக்குப் போகும் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு பயண முகவர் நிலையத்துக்குப் போனேன். அதை நடத்தியவர் பாண்டிச்சேரி அக்கா ஒருவர். அவரிடம் பழைய கம்பி இன்னும் இருந்தது.

“அந்த போன் கடைக்காரர் நாலு தடவ வந்தாரும்மா. பழைய லைன வெட்டிடுங்கன்னாரு. எதுக்கு வெட்டணும்னு கேட்டேன். கனடா இலவசம்னாரு, அனுப்பிட்டேன்.”

மொடத்தை அந்தச் சுவரில் கொழுவி அழைத்தேன். முழு வேகத்தில் இணைந்தது. கோப்பு இறங்கத் தொடங்கியது. பத்து வீதம், முப்பது வீதம். அக்கா வாடிக்கையாளர் இல்லாத நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, பையில் நீட்டிக்கொண்டிருக்கும் தாள் என்ன என்று கேட்டார். படிப்புக்கான ஒப்பந்தம், கையெழுத்துக்கு நிற்கிறது என்று சொன்னேன். அவர் வாங்கி இரண்டு பக்கமும் வாசித்தார். தன்னுடைய நாலு கணினியும் ஒன்றோடொன்று பேசாமல் ஒரு வருடமாகக் கிடக்கின்றன, அவற்றைப் பேசவைக்க ஆள் தேடுகிறேன் என்றார். பேசாதவற்றோடு எனக்கு அனுபவம் உண்டு என்றேன். எழுபது வீதத்தில் அவர் மேசை இழுப்பறையைத் திறந்தார். நூறு வீதம் வரும்போது ஒப்பந்தத்தில் அவர் குத்திய முத்திரையின் மை காயத் தொடங்கியிருந்தது.

கோப்பு முடிந்ததும் திரையில் எழுத்துகள் தாமாக வரத் தொடங்கின. மறுமுனையில் பங்காளி உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தார். முதலாளிதான் இந்த முனையில் என்று நினைத்து, இத்தனை நாளும் ஏன் பாதியில் வெட்டி அவமானப்படுத்தினாய் என்று கேட்டார். நான் வேலைக்கு நிற்கும் பிள்ளை, யாரும் வெட்டவில்லை, கம்பிதான் பிழை என்று எழுதினேன். பிறகு, அவன் சுகமாக இருக்கிறானோ என்று வந்தது. உடனே அடுத்த வரி: கேட்டதாகச் சொல்ல வேண்டாம். சரி என்று எழுதினேன்.

கல்வெட்டை அன்று பின்னேரமே அமைத்து முடித்தேன். முதலாளி என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, அவன் ஏதும் சொன்னவனோ என்பதுதான். இல்லை என்றேன். அவருடைய முகம் கொஞ்சம் இறங்கியது. வாக்குக் கொடுத்துவிட்டேனே.

அடுத்த திங்கட்கிழமை நான் ஒரு மணி நேரம் பிந்தி வேலைக்குப் போனேன். போன் கடை அண்ணை தேநீருக்காகக் காத்திருந்தார். முதலாளி ஒரு வாடிக்கையாளருக்கு, கோளாறு எங்கே என்று தனக்கு முதலிலேயே சந்தேகம் இருந்தது, பிள்ளையை விட்டுச் சும்மா சோதித்துப் பார்த்தேன் என்று விளக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் குரலை இறக்கினார்.

“உந்தக் கையெழுத்து அலுவலை தை பிறக்கட்டும், பாப்பம். படிப்பெண்டு போனா இஞ்சை ஆர் வேலை செய்யிறது?”

தை பிறந்தால் என்ன, பிறக்காவிட்டால் என்ன. பாண்டிச்சேரி அக்காவின் முத்திரை குத்திய ஒப்பந்தத்தைப் பள்ளிச் செயலகத்தில் கொடுத்துவிட்டுத்தான் நான் பிந்தி வந்திருந்தேன். பெற்றுக்கொண்டதாக அவர்கள் எழுதித் தந்த துண்டு சட்டைப் பையில் இருந்தது. வேலையை விடும் கடிதத்தை முதலாளியின் மேசையில் வைத்தேன். அது பிரெஞ்சில் இருந்ததால், வழக்கம்போல என்னையே வாசிக்கச் சொன்னார். நிறுத்தி, தெளிவாக வாசித்தேன்.