அக்கா மடித்துப் பார்த்த தோல்

பல்கலைக்கழகத்தின் ஏ.சி. பஸ் எங்கள் கம்பெனி வாசலில் வந்து நின்ற அந்தச் சனிக்கிழமைக் காலை எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. அதுவரை அந்த வெள்ளை பஸ்ஸை நெடுஞ்சாலையில் தாண்டிப் போகும்போதுதான் பார்த்திருக்கிறோம். அன்றைக்கு அதில் நாங்கள் ஆறு பெண்கள் ஏறினோம். எல்லோரும் கம்பெனி ஓவர்கோட்டோடு வர வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். சீட் துணி அழுக்காகிவிடுமோ என்று நான் நுனியில் உட்கார்ந்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்த செக்கிங் அக்கா சீட்டை நன்றாகப் பின்னால் சாய்த்து, காலை நீட்டிக்கொண்டு, "பதினோரு வருஷம் நின்ன காலு. வேலூர் வரைக்குமாவது சும்மா வரட்டும்" என்றார். முன்னால் இருந்த பர்சனல் ஆபீசர் திரும்பிப் பார்த்தார். அக்கா காலை மடக்கவில்லை.

அவருக்குப் பெயர் உண்டு. ஆனால் வாட்ச்மேன் முதல் மானேஜர் வரை செக்கிங் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஷூவுக்காக வெட்டிய தோல் துண்டுகள் தையலுக்குப் போகும் முன் எங்கள் மேசைக்கு வரும். டியூப்லைட் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டும். கீறலோ, உண்ணி கடித்த தழும்போ இருந்தால் அந்த இடத்தில் வெள்ளி நிறப் பேனாவால் ஒரு வட்டம் போட்டுத் தனியாக வைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. வாயைத் திறக்காமலே ஒரு நாளை ஓட்டிவிடலாம் என்பதால் எனக்கு அது ரொம்பப் பொருந்திப்போனது. சின்ன வயதிலிருந்தே நாலு பேர் நடுவில் பேச எனக்கு வராது. பத்தாம் வகுப்பில் டீச்சர் கேள்வி கேட்டால், பதில் தெரிந்தும் தலையைக் குனிந்துகொண்டு நிற்பேன்.

அக்கா அப்படி இல்லை. கட்டிங் பிரிவிலிருந்து தட்டுத் தட்டாகத் துண்டுகளைக் கொண்டுவந்து வைக்கும் ஆட்களை அவர் சும்மா அனுப்பியதே கிடையாது. "இன்னா மேஸ்திரி, மாட்டுக்கு அம்மை போட்ட எடமா தேடித் தேடி வெட்டினியா?" என்பார். "கண்ணாடிய மாத்துக்கா, எல்லாம் சரியாத் தெரியும்" என்று அவர்கள் திருப்பிக் கொடுப்பார்கள். "நான் கண்ணாடிய மாத்தறேன், நீ மொதல்ல மாட்ட மாத்து" என்று சொல்லிக்கொண்டே அவர் கை அடுத்த துண்டுக்குப் போயிருக்கும். கண்ணால் பார்ப்பதோடு அவர் நிறுத்த மாட்டார். துண்டை இரண்டு கையாலும் பிடித்து உள்பக்கமாக மடிப்பார். மாட்டின் வயிற்றுப் பக்கத்துத் தோலாக இருந்தால், மடிக்கும்போது மேல்பரப்பு தளர்ந்து சுருக்கம் சுருக்கமாக எழும்பும். விரித்துவிட்டால் ஒன்றும் தெரியாது, வழவழவென்று புதுசாகத்தான் இருக்கும். அதை வைத்து ஷூ தைத்தால் கொஞ்ச நாள் நடந்த பிறகு விரல் மடங்கும் இடத்தில் கிழவியின் கழுத்து மாதிரி ஆகிவிடும். எங்கள் மேசையில் நாலு பேர். எல்லோருக்கும் அது தெரியும். ஆனால் ஒவ்வொரு துண்டையும் மடித்துப் பார்க்க நேரம் இல்லை என்று நாங்கள் சந்தேகம் வந்ததை மட்டும் மடிப்போம். அக்கா எதையும் விட மாட்டார்.

நாலு பேருக்கு ஒரே ஒரு ஸ்டூல். அது சீனியருக்கு. அக்கா பதினோரு வருஷம் நின்று வேலை செய்த பிறகுதான் அது அவருக்குக் கிடைத்தது. அதற்குள் அவருடைய இரண்டு காலிலும் நரம்பு சுருண்டு, முழங்காலுக்குக் கீழே கயிறு கயிறாகப் புடைத்திருந்தது. இனிமேல் நிற்கிற வேலை கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "இந்த ஸ்டூலு இல்லன்னா நான் ஊட்டுக்குத்தான் போவணும்" என்று அவரே சொல்வார். அவர் பெண்கள் இரண்டு பேரும் அப்போது படித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் வேலைக்குப் போகிற நிலையில் இல்லை.

பல்கலைக்கழகத்திலிருந்து மாதம் ஒரு தாள் கம்பெனிக்கு வரும். 'வரவிருக்கும் நிகழ்ச்சிகள்' என்று தலைப்பு போட்டிருக்கும். கைரேகை வைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் அதை ஒட்டுவார்கள். வரிசையில் நிற்கும்போது அக்கா அதைச் சத்தமாக வாசிப்பார். "ஏய், இந்த மாசம் ட்ரோன் பறக்க வுடறாங்களாம். சொந்தத் தொழில் தொடங்கற பொம்பளைங்களுக்குப் பயிற்சியாம். ஏத்துமதி பத்திப் பேச வெளிநாட்டுலேர்ந்து ஆளு வருதாம். கடைசில இன்னா போட்டுக்கிறான் பாரு, சுற்றுவட்டார மக்கள் அனைவரும் வரலாம். நாமதான்டி அந்தச் சுற்றுவட்டாரம்!" எல்லோரும் சிரிப்போம். எல்லா நிகழ்ச்சியும் வேலை நாளில் வேலை நேரத்தில்தான் இருக்கும். எங்களில் ஒருவரும் போனதில்லை. மாதம் முடிந்ததும் பழைய தாளின் மேலேயே புதுத் தாளை ஒட்டிவிடுவார்கள்.

ஒரு மாதம் பர்சனல் ஆபீசரே எங்கள் மேசைக்கு வந்தார். தோலைக் கேமராவால் பார்த்துக் குறை கண்டுபிடிக்கிற மெஷின் ஒன்றை மாணவர்கள் செய்திருக்கிறார்களாம். தொழில் கண்காட்சியில் அதைக் காட்டப் போகிறார்களாம். தோல் எங்கள் கம்பெனி தருகிறதாம். முதலாளி மேடையில் உட்காருவார், நம்மிடம் ஷூ வாங்குகிறவர்களின் ஆளும் வருவார், அனுபவமுள்ள தொழிலாளர்கள் என்று நீங்கள் ஆறு பேர் வந்து முன்வரிசையில் உட்கார வேண்டும் என்றார். "பேசணுமா சார்?" என்று நான் கேட்டேன். "வேணாம்மா, கை தட்டினாப் போதும்" என்றார்.

அந்தச் சனிக்கிழமை பல்கலைக்கழக ஹாலின் வாசலில் கம்பளம் விரித்திருந்ததைப் பார்த்து நான் செருப்பைக் கழற்றிவிட்டேன். உள்ளே போன பிறகுதான் வேறு யாரும் கழற்றவில்லை என்று தெரிந்தது. திரும்பிப் போய் எடுத்துவரக் கூச்சமாக இருந்தது. ஷூ பற்றிய நிகழ்ச்சி முழுவதும் வெறுங்காலைச் சேலைக்குள் இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏ.சி. குளிரில் விரல்கள் விறைத்துப்போயின. "இன்னாடி, வேண்டுதலா?" என்று அக்கா காதோரம் கேட்டார்.

மேடையில் எல்லோரும் இங்கிலீஷில் பேசினார்கள். பிறகு மெஷினைக் காட்டினார்கள். அடுப்பு மேடை அளவுக்கு ஒரு பெட்டி. ஒரு பக்கம் தோல் துண்டை வைத்தால் உள்ளே போய் மறு பக்கம் வரும். நல்ல துண்டு என்றால் பச்சை விளக்கு, குறை இருந்தால் சிவப்பு. எங்கள் கம்பெனித் துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. எல்லாமே பச்சை. ஹால் முழுக்கக் கைதட்டல். முதலாளி பக்கத்திலிருந்த வாங்குகிறவர்களின் ஆளைப் பார்த்துச் சிரித்தார். நாங்களும் சொன்னபடி தட்டினோம்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். நிகழ்ச்சியை நடத்திய மாணவி நல்ல மனசோடுதான் மைக்கில் சொன்னாள், "இந்த வேலையைப் பல வருஷமாகச் செய்கிற நம் அக்காக்கள் மேடைக்கு வந்து, துண்டுகளைக் கையில் எடுத்துக் காட்டினால் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம்" என்று. அக்காவும் நானும் போனோம். தட்டை என் கையில் கொடுத்தார்கள். அக்கா அதிலிருந்து ஒரு துண்டை எடுத்தார். போட்டோக்காரர் "இப்படிப் பாருங்கம்மா" என்றார். அக்கா பார்த்தது தோலைத்தான். மேசையில் தினமும் செய்கிற மாதிரியே மடித்தார், விரித்தார், வைத்தார். அடுத்ததை எடுத்தார். அவருடைய கையை யாரும் தடுக்கவில்லை. ஏழாவது துண்டை மடித்தபோது சுருக்கம் எழும்பியது. தட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு முழத் தூரத்தில் நின்ற நான் அதைப் பார்த்தேன். அக்காவின் வலது கை ஓவர்கோட் பைக்குள் போயிற்று. பேனாவை எடுத்து, மூடியைப் பல்லால் கழற்றி, வட்டம் போட்டுவிட்டார். மேடையைப் படம்பிடித்துக் காட்டிய பின்னாலிருந்த பெரிய திரையில் அந்த வட்டம் ஆள் உயரத்துக்குத் தெரிந்தது.

"என்னக்கா?" என்று மாணவி கேட்டாள். "தளர்ச்சி கீதும்மா. வயித்துப் பக்கத்துத் தோலு. உங்க பெட்டி படுக்க வெச்சே பாக்குது, அதான் தெரியல. மடிச்சாத்தான் தெரியும்" என்று அக்கா மடித்துக் காட்டினார். மாணவர்கள் ஓடிவந்து சுற்றி நின்றார்கள். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கேட்டுப் போனில் படம் எடுத்தார்கள். அவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம். வாங்குகிறவர்களின் ஆள் முதலாளியின் பக்கம் சாய்ந்து ஏதோ கேட்டார். முதலாளி சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். ஆனால் அவர் முகம் எங்கள் பக்கம் திரும்பியபோது அதில் சிரிப்பு இல்லை. சோதனை முடிந்து, ஏற்றுமதி ஷூவுக்குத் தயார் என்று கம்பெனி கொடுத்தனுப்பிய துண்டுகள் அவை. அதை அக்கா மறந்தே போயிருந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் அவருக்கு அது உறைத்தது. "ஐயையோ, நம்ம சரக்குலயே போட்டுட்டேனே" என்றார். நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை எங்கள் இரண்டு பேரையும் மானேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேசையில் அந்தத் துண்டு கிடந்தது. அதை அவர் தொடக்கூட இல்லை. "கைப் பழக்கத்துல தெரியாம போட்டுட்டாங்க, தோல்ல குறை எதுவும் இல்லன்னு வாங்கறவங்களுக்கு எழுதப் போறோம்" என்றார். "இல்ல சார், குறை கீது. மடிச்சுப் பாருங்க" என்றார் அக்கா. மானேஜர் என்னைப் பார்த்தார். "நீ பக்கத்துலதானே நின்ன? நீ பாத்தியா?"

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. நான் சொல்லிவிடுவேன் என்று அவ்வளவு நம்பிக்கை. பார்த்தேன் சார் என்று இரண்டே சொல். சொன்னால் போதும். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "சரியா கவனிக்கல சார்" என்றேன்.

மறுநாள் அக்காவை நூல் வெட்டும் இடத்துக்கு மாற்றினார்கள். தைத்து வரும் ஷூக்களில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைச் சின்னக் கத்தரியால் வெட்டுகிற வேலை. பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும், காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றபடிதான் செய்ய வேண்டும். மேசையில் அடுத்த சீனியர் நான். ஸ்டூல் எனக்கு வந்தது. முதல் இரண்டு நாள் நான் அதில் உட்காரவில்லை. மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் அக்கா எங்கள் பக்கம் வந்தார். "இன்னாம்மா, ஸ்டூலு ஆடுதா? ஒரு காலு கம்மி அதுக்கு. அட்டையை மடிச்சு வெச்சிருப்பேன், தள்ளிடாதே" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் நான் உட்கார்ந்துவிட்டேன். எனக்கும் கால் வலித்தது. வேறு என்ன சொல்ல? அக்கா இரண்டு வருஷம் நின்றார். காலில் புண் வந்து ஆறாமல் போன பிறகு வேலையை விட்டுவிட்டார்.

இப்போது தாள் வருவதில்லை. வரவிருக்கும் நிகழ்ச்சிகள் எல்லாம் கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் வருகின்றன. போட்டிகள், பயிற்சிகள், தொழில் தொடங்குகிறவர்களின் சந்திப்பு என்று படிக்கப் படிக்க நீண்டுகொண்டே போகிறது. எனக்குப் படிக்கவே அசதியாக இருக்கிறது. அந்த மாணவர்கள் சொந்தமாகக் கம்பெனி தொடங்கிவிட்டார்கள். போன வருஷம் அவர்களுடைய மெஷின் எங்கள் மேசைக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தது. இப்போது அது தோலைப் படுக்க வைத்துப் பார்ப்பதில்லை. உள்ளே இரண்டு உருளைகள் வைத்திருக்கிறார்கள், ஒவ்வொரு துண்டையும் உள்பக்கமாக மடித்து, விரித்து அனுப்புகிறது. ஒன்றைக்கூட விடுவதில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அக்காவின் இரண்டு கைதான் தெரிகிறது.

மெஷினைப் பொருத்த வந்தது அதே மாணவி. "அந்த அக்கா எங்கே?" என்றுதான் முதலில் கேட்டாள். இப்போது, அடுத்த சனிக்கிழமை பல்கலைக்கழகத்தில் நடக்கப்போகும் கூட்டத்தில் இந்த மெஷின் பற்றி அவள் பேசுகிறாள். அனுபவமுள்ள தொழிலாளி என்று என்னையும் ஐந்து நிமிஷம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பேச வேண்டியதைக் கம்பெனியே எழுதிக் கொடுத்துவிட்டது. மெஷின் வந்ததால் எங்கள் வேலை சுலபமாகியிருக்கிறது என்று அதில் இருக்கிறது. அந்த அக்காவைக் கூட்டிவர முடியுமா என்று மாணவி போன் செய்து தனியாக என்னிடம் கேட்டாள். அதைக் கேட்பதற்காகத்தான் போன ஞாயிற்றுக்கிழமை பள்ளிகொண்டாவில் அக்கா வீட்டுக்குப் போனேன்.

அக்கா வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, காலை இன்னொரு நாற்காலியில் நீட்டி வைத்திருந்தார். இரண்டு காலிலும் துணிக்கட்டு. விஷயத்தைச் சொன்னேன். "நான் எதுக்கு? இந்தக் காலத் தூக்கினு மேடை ஏறணுமா, பேஜாரு. நீ போய்ப் பேசு. அதான் எழுதிக் குடுத்துருப்பானுங்களே" என்று சிரித்தார். "இந்தத் தபா செருப்பக் கழட்டாதே."

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. இத்தனை வருஷம் கழித்து.

"அக்கா, அன்னிக்கி அந்தத் துண்டுல சுருக்கம் இருந்துச்சு. நான் பாத்தேன்."

அக்கா தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியும் போ. நீ பாத்தத நான் பாத்தேன்ல" என்றார். காலைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டு, "நீ சொல்லியிருந்தா இன்னா ஆயிருக்கும்? ரெண்டு பேரும் நூல் வெட்டிக்கினு இருந்திருப்போம். அவ்ளோதான்" என்றார்.

எனக்கு மனசு கொஞ்சம் லேசானது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் லேசானது உண்மை. அப்போது அக்கா இன்னொன்றும் சொன்னார்.

"ஆனா நின்னுக்கினே பேசறதுக்கு எனக்கு ஒரு ஆளு இருந்திருக்கும்."

அவர் குரலில் கோபம் இல்லை. கோபித்துக்கொள்ளும் தெம்பெல்லாம் எப்போதோ தீர்ந்துபோயிருந்தது போலிருந்தது. நான் கையிலிருந்த பையின் காதைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "டீ போடறேன், குடிச்சிட்டுப் போ" என்று அக்கா கட்டுப் போட்ட கால்களை ஒவ்வொன்றாகத் தரைக்கு இறக்கினார். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். உள்ளே அடுப்பு வரைக்கும் ஏழெட்டு அடி தூரம். நான் போடறேன், நீ உக்காருக்கா என்று சொல்லியிருக்கலாம். அவர் நின்றபடியே தண்ணீர் கொதிக்கக் காத்திருந்தார். நான் அதையும் சொல்லவில்லை.