றீட்டாக்காவின் தவளைக் கார்

பதுளையில் ஓடும் ஓட்டோக்களில் பாதி றீட்டாக்கா தைத்த இருக்கைகளோடுதான் ஓடுகின்றன. ஹாலிஎலப் பாதையில் எங்கள் வீட்டுக்கு எதிர் வீடு அவருடையது. முன்னறையில் இரண்டு தையல் மெஷின், சுருட்டி நிறுத்திய ரெக்சின், பஞ்சு மூட்டை. ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லி. ஊசியை வாயில் கடித்துக்கொண்டே ஒரு முழுக் கதையையும் சொல்லி முடித்துவிடுவார். அவருடைய கணவர் சஜீவன் அண்ணன், மொனராகலை பஸ்ஸின் சாரதி. நல்ல பருமன், குறைந்த பேச்சு. மகள் ஜெசீகா கொழும்புக்கு வேலைக்குப் போனபின் வீட்டில் இவர்கள் இருவரும்தான். சண்டை சச்சரவில்லாத குடும்பம் என்று சேர்ச்சில் எல்லோரும் சொல்வார்கள். பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பங்களா நாற்காலிகளுக்கு அளவெடுக்க றீட்டாக்கா போகும்வரை அது உண்மையாகத்தான் இருந்தது.

அளவெடுத்து முடித்துக் கை கழுவப் பின்பக்கம் போனவர், கராஜ் கதவு திறந்துகிடப்பதைப் பார்த்தார். உள்ளே விறகு, உரச் சாக்கு, ஒரு கோழி. கோழி உட்கார்ந்திருந்தது ஒரு காருக்குள். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரையில்லாத குட்டிக் கார். முன்மூடியின் மேல் இரண்டு விளக்குகள் தவளைக் கண் மாதிரித் துருத்திக்கொண்டிருந்தன. அதற்குக் கீழே, சிரிக்கிற வாய் போல வளைந்த கம்பி வலை. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரத் துரை ரேஸ் ஓட்டக் கொண்டுவந்து, ஊருக்குப் போகும்போது விட்டுப்போனதாம். அந்த வாரமே பழைய இரும்புக்காரரிடம் கொடுக்கப் போவதாக மெனேஜர் சொன்னார்.

"அது என்னையப் பாத்துச் சிரிச்சிச்சு," என்று றீட்டாக்கா பிறகு என்னிடம் சொன்னார். "சிரிக்கிறத எப்படி இரும்புக்குப் போட விடுறது?"

நாற்காலித் தையலுக்குக் கூலி வேண்டாம், இதைக் கொடுங்கள் என்று கேட்டார். மெனேஜர் சந்தோஷமாகத் தலையாட்டினார். கோழியையும் சேர்த்தே கொடுத்தார், அது இறங்க மறுத்ததால்.

கொழுந்து ஏற்றும் ட்ரெக்டரில் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு றீட்டாக்கா. பக்கத்து இருக்கையில் கோழி. பசறை வளைவொன்றில் எதிரே வந்தது மொனராகலை பஸ். ட்ரெக்டருக்கு வழிவிட பஸ் ஓரங்கட்டி நிற்க, ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் வெளியே வந்தன. சஜீவன் அண்ணனுக்கு விஷயமே தெரியாது. அவர் கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தார். றீட்டாக்கா கையசைத்தார். கண்டக்டர், இது நம்ம அக்கா இல்லையா என்று கேட்டதற்கு, அண்ணன் கியரைப் போட்டுக்கொண்டே, தெரியவில்லை என்று சொல்லிவிட்டாராம்.

அன்று தொடங்கியதுதான். வீட்டுக்குப் பக்கத்தில் தார்ப்பாய் கட்டிக் காரை உள்ளே தள்ளினார்கள். றீட்டாக்காவுக்குத் துணை மபாஸ். வீதி முடிவில் லேத் பட்டறை வைத்திருப்பவன். அவனுடைய பட்டறைக்கு வரும் வாகனங்களின் இருக்கைகளை இவர் தைத்துக் கொடுக்க, அவன் இந்தக் காரைப் பார்ப்பது என்று பேச்சு. மபாஸ் முதல்நாள் காரைச் சுற்றிச் சுற்றி வந்தான். வெளியே கதவுக்குக் கைபிடி இல்லை, உள்ளே கைவிட்டுத்தான் திறக்க வேண்டும். கண்ணாடி ஜன்னல் இல்லை. பின்னால் டிக்கி போல இருந்தது, ஆனால் அதற்கு மூடியே இல்லை, இருக்கைக்குப் பின்னால் தலைகீழாக நுழைந்துதான் சாமான் எடுக்க வேண்டும். செய்தவர்கள் மறந்துவிட்டார்களா என்று மபாஸ் கேட்டான். கோழிக்கு மட்டும் அந்த அமைப்பு ரொம்பப் பிடித்திருந்தது. அது உள்ளே மூலையில் போய் முட்டையிட்டது. முட்டை எடுக்கத் தினமும் றீட்டாக்கா காருக்குள் கால் வெளியே தெரியக் கிடப்பார்.

கால்விரிப்பைத் தூக்கியதும் தரை தெரிந்தது. காரின் தரையல்ல, நிலம். தலைமுறை தலைமுறையாகக் கோழிகள் போட்ட எச்சம் தகரத்தைத் தின்றிருந்தது. துருப்பிடித்ததை வெட்டி, றீட்டாக்கா சட்டை வெட்டுவதுபோலக் காகிதத்தில் அளவு வெட்டிக் கொடுக்க, மபாஸ் அதன்படி புதுத் தகரம் வெட்டிப் பற்றவைத்தான். இறுகிப்போன எஞ்சினுக்குள் எண்ணெய் ஊற்றி ஊறவைத்தார்கள். அது அசையவே இல்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சேலையோடே ஸ்பானரைப் போட்டு றீட்டாக்கா திருப்ப, 'கடக்' என்று சுற்றியது. அன்று வீதி முழுக்க ரொட்டியும் சம்பலும் கிடைத்தது.

போனில் வீடியோ பார்த்துத்தான் மிச்சம் படித்தார். இங்கிலாந்தில் ஒரு கிழவர் இதே மாதிரிக் காரைப் பிரித்துப் பூட்டுவதைக் காட்டுவார். அவர் பேசும் இங்கிலீஷ் றீட்டாக்காவுக்குப் பாதிதான் விளங்கும். கையைப் பார்த்தால் போதும், வாயை எதற்குப் பார்க்க வேண்டும் என்பார். கார்பரேட்டர் இரண்டையும் குழம்புச் சட்டியில் போட்டு அவித்துக் கழுவினார். உள்ளேயிருந்து ஒரு குளவிக் கூடு வந்தது. அதற்குப் பிறகு சில நாட்களுக்குத் தன்னுடைய சாப்பாட்டில் பெற்றோல் வாசம் அடிப்பதாக சஜீவன் அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் காரைப் பற்றிச் சொன்னதெல்லாம் அவ்வளவுதான். லீவு நாட்களில் வாசலில் நாற்காலியைப் போட்டு, தார்ப்பாய்க்கு முதுகைக் காட்டிப் பேப்பர் வாசிப்பார். சாமான் கேட்டால் எடுத்துக் கொடுக்கமாட்டார். திரும்பியும் பார்க்கமாட்டார்.

பழைய டைனமோவைக் கழற்றி ஜப்பான் காரின் ஒல்டர்னேட்டரைப் பூட்டினார்கள். கார் ஓடத் தயாரானது. றீட்டாக்கா முதல்தடவை வீதிக்கு எடுத்தார். எங்கள் வீதி சரிவானது. கார் அழகாக இறங்கியது, ஆனால் நிற்கவில்லை. அவர் பிரேக்கை மிதித்து மிதித்துப் பார்த்து, கடைசியில் எங்கள் வீட்டுச் செம்பருத்தி வேலிக்குள் ஸ்டியரிங்கைத் திருப்பினார். நான் ஓடிப்போனபோது அவர் இலைகளுக்கு நடுவே நேராக உட்கார்ந்திருந்தார். தவளை அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தது.

சஜீவன் அண்ணன் வந்தார். மனைவியின் தலையிலிருந்து ஒவ்வொரு இலையாக எடுத்துப் போட்டார். நெற்றிக் கீறலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "நாளைக்கு இரும்புக்காரனக் கூப்பிடு," என்றார்.

றீட்டாக்கா கூப்பிடவில்லை, அவரோடு பேசுவதையும் நிறுத்தினார். சோற்றுக் கோப்பையை மேசையில் வைக்கும் சத்தத்தில்தான் அந்த வீட்டில் பேச்சுவார்த்தை நடந்தது.

மபாஸ்தான் வழி கண்டுபிடித்தான். இந்த மலையில் ஓடுவது பெரிதில்லை, நிற்பதுதான் பெரிது என்று சொல்லி, உடைத்து விற்கும் இடமொன்றில் ஜப்பான் கார் ஒன்றின் முன் டிஸ்க் பிரேக்குகளைத் தேடிப் பிடித்தான். அவை இந்த அச்சில் பொருந்தவில்லை. பொருந்துவதற்கு இடையில் ஒரு வளையம் வேண்டும். அதை லேத்தில் கடைந்தான், சரிவரவில்லை. மறுபடி கடைந்தான். றீட்டாக்கா பொறுமையாகப் பக்கத்தில் உட்கார்ந்து இருக்கைகளுக்கு மரூன் ரெக்சின் தைத்துக்கொண்டிருந்தார். பூட்டி முடித்து அதே சரிவில் இறக்கியபோது கார் நின்ற நிற்பில் மபாசின் தொப்பி முன்னால் போய் விழுந்தது.

பண்டாரவளையில் ஒரு மைதானத்தில் பழைய வாகனங்களின் கண்காட்சி என்று கேள்விப்பட்டு, றீட்டாக்கா பெயர் கொடுத்தார். அதற்காக ஒரு கூரையும் தைத்தார். ரெக்சின் வெடிக்கும் என்று, கனமான பருத்திக் கித்தானில், இரட்டைத் தையல் போட்டு, ஓரமெல்லாம் காரோடு சேர்த்து மாட்டப் பித்தளைக் குமிழ் வைத்து. அவர் வாழ்க்கையில் தைத்தவற்றில் அதுதான் திறமான வேலை. புறப்படும் காலையில் சஜீவன் அண்ணன் சட்டை மாற்றிக்கொண்டு வெளியே வந்தார்.

"நானும் வாறேன்," என்றார். "பிரேக்கு புடிக்கலேன்னா கால வெளிய போட்டாவது நிறுத்துறேன்."

தொட்டியில் இறங்குவதுபோல ஒவ்வொரு காலாக வைத்துக் காருக்குள் இறங்கினார். மபாசின் மோட்டார் சைக்கிளில் நானும் பின்னால் போனேன். முப்பது வருடம் உயரத்திலிருந்தே உலகத்தைப் பார்த்த மனிதர், அன்று நாய்களின் முகத்துக்கு நேராக முகம் வைத்துப் போனார். லொறிச் சக்கரங்கள் அவருடைய காதுக்குப் பக்கத்தில் சுற்றின. எதிரே வந்த பஸ்காரரெல்லாம் அடையாளம் கண்டு சிரித்தார்கள். அவர் கதவின் மேல்விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

தெமோதரை தாண்டியதும் மழை. ஓரத்தில் நிறுத்தி அவசர அவசரமாகக் கூரையை மாட்டினார்கள். மழை விடவேயில்லை. பண்டாரவளை மைதானத்துக்குள் நுழைந்து, காட்டிய இடத்தில் காரை நிறுத்தியபோதுதான் கொஞ்சம் குறைந்தது. றீட்டாக்கா உடம்பை வளைத்து வெளியே வந்துவிட்டார். சஜீவன் அண்ணனால் வர முடியவில்லை.

நனைந்த கித்தான் சுருங்கியிருந்தது. முரசுத் தோல் மாதிரி இறுகி, கூரைக் கம்பியைக் கீழே இழுத்திருந்தது. கூரை அண்ணனின் தலையில் உட்கார்ந்திருக்க, முழங்கால் முன்பலகையில் முட்ட, வயிறு நடுவில் மாட்டிக்கொண்டது. குமிழ்களைக் கழற்றப் பார்த்தோம், ஒன்றுகூட அசையவில்லை. பிளவுஸ் துணியென்றால் நனைத்துக் காயவைத்துத்தானே வெட்டுவேன், இதை மறந்துபோனேனே என்று றீட்டாக்கா தலையில் கைவைத்தார். பிறகு பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார்.

"வெட்டாத," என்றார் அண்ணன் உள்ளேயிருந்து.

"ஏங்க, எவ்வளவு நேரம் இப்படியே இருப்பீங்க?"

"காயிற வரைக்கும் இருக்கேன். எத்தன நாளு ஒக்காந்து தச்ச. வெட்டாத."

கத்தரிக்கோல் பைக்குள் போனது. றீட்டாக்கா சேலைத் தலைப்பால் அவருடைய முகத்தில் வழிந்த தண்ணீரைக் கதவு வழியாகத் துடைத்துவிட்டார்.

அதற்குள் சனம் வரத் தொடங்கியது. கறுப்பு நிறப் பெரிய கார்கள் வரிசையாக நின்றன, ஆனால் உள்ளே ஆளோடு காட்சிக்கு வைத்த கார் இது ஒன்றுதான். பிள்ளைகள் குனிந்து பார்த்தார்கள். ஒரு பெரியவர், இது எந்த வருடத்து எஞ்சின் என்று அண்ணனிடமே கேட்டார். அண்ணன் றீட்டாக்காவைப் பார்த்தார். அவர் அந்தப் பக்கம் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் அண்ணன் பதில் சொன்னார். சரியான பதில். அடுத்த கேள்விக்கும் சொன்னார். தரையை எப்படிக் காகிதத்தில் வெட்டி அளவெடுத்தாள், எஞ்சினுக்கு என்ன எண்ணெய், கார்பரேட்டருக்குள் இருந்த குளவிக் கூடு எவ்வளவு பெரிது, டிஸ்க்குக்கு வளையம் எத்தனை தரம் கடைந்தது. பேப்பர் வாசித்த காலம் முழுக்க ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறார் மனிதர். குமிழ் ஒவ்வொன்றையும் எந்தக் கடையில் வாங்கினாள் என்பதுகூடத் தெரிந்திருந்தது. றீட்டாக்கா பேச்சை நிறுத்திவிட்டு, காரின் பின்பக்கம் அவருக்குத் தெரியாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது.

நடுவர் ஒருவர் வந்து குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். இந்தக் காருக்கு டிஸ்க் பிரேக் வராது, மாற்றியிருப்பதால் புள்ளி குறையும் என்றார்.

"கொறைங்க சேர்," என்றார் அண்ணன். "ஆனா மாத்தலேன்னா நாங்க வந்து சேந்திருக்க மாட்டோம். எதிர் வீட்டு வேலிக்குள்ளதான் கண்காட்சி."

நடுவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே புள்ளியைக் குறைத்தார்.

மத்தியானத்துக்குப் பிறகு வெயில் வந்தது. கித்தானில் ஆவி பறந்து, மெல்ல மெல்லத் தளர்ந்தது. மபாஸ் குமிழ்களைக் கழற்றினான். அண்ணன் எழுந்து நின்றபோது சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். பரிசு கறுப்புக் கார் ஒன்றுக்குப் போனது. ஆனால் மூன்று பேர் தங்கள் பழைய கார்களுக்குக் கூரை தைத்துத் தரச்சொல்லி றீட்டாக்காவிடம் போன் நம்பர் வாங்கினார்கள். துணியை முதலில் நனைப்பேன் என்று அவர் எல்லோருக்கும் வாக்குக் கொடுத்தார்.

திரும்பும்போது ஓட்டியது சஜீவன் அண்ணன். பஸ் ஸ்டியரிங்கைச் சுற்றுகிற மாதிரி சுற்றப்போய், முதல் திருப்பத்தில் கார் வயலைப் பார்க்கப் போனது. பிறகு பழகிவிட்டது.

இப்போது அந்த வீட்டில் சத்தம் அதிகம். அண்ணனுக்குக் காரில் தினமும் ஏதாவது மாற்ற வேண்டும். போன வாரம் பஸாரில் ஒரு காற்று ஹோர்ன் வாங்கி வந்து, றீட்டாக்கா மெஷினில் இருந்த நேரம் பார்த்துப் பூட்டிவிட்டார், தனியார் பஸ்களில் ஊதுமே, மூன்று குரலில், அது. வீதியில் அதை ஊதியபோது கடைக்காரர் ஒருவர் பஸ் வருகிறதென்று ஓடிவந்து, இடுப்புயரக் காரைப் பார்த்து நின்றுவிட்டார். றீட்டாக்கா ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டு வெளியே வந்தார்.

"கழட்டுங்க அத."

"இன்னொருக்கா ஊதிட்டுக் கழட்டுறேன்," என்றார் அண்ணன்.

இன்னும் கழற்றவில்லை. தினமும் காலையில் எங்கள் வீட்டில் எல்லோரும் அந்தச் சத்தத்துக்குத்தான் எழும்புகிறோம்.